அன்றிரவே எழுந்தார்

(திருக்குடும்ப விழாவன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



நம் வீடுகளில் கிறிஸ்துமஸ் குடில் இன்னும் கலைக்கப்படவில்லை. வைக்கோல் மீது பாலன் படுத்திருக்கிறார். ஆனால் இன்றைய நற்செய்தி அந்தப் பாலனைக் குடிலிலிருந்து எடுத்து, நள்ளிரவில், எகிப்துக்குப் போகும் சாலையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மத்தேயு நற்செய்தி இரண்டாம் அதிகாரம் இதை நமக்குச் சொல்கிறது. குழந்தையைக் கொல்ல ஏரோது தேடப்போகிறான் என்று வானதூதர் கனவில் யோசேப்புக்கு அறிவிக்கிறார். யோசேப்பு என்ன பதில் சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நற்செய்திகளிலும் புனித யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. அவர் எழுந்தார். குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு அன்றிரவே புறப்பட்டார்.

'அன்றிரவே' என்ற இந்தச் சொல்லில் இன்று நாம் கொஞ்சம் தங்கிச் சிந்திப்போம். விடியட்டும், பார்க்கலாம் என்று யோசேப்பு சொல்லவில்லை. நாலு பேரைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்கவில்லை. ஏழைத் தொழிலாளியான அவருக்குக் கையில் முடிக்காத வேலை இருந்திருக்கலாம், வரவேண்டிய கூலி இருந்திருக்கலாம். ஆபத்து குழந்தைக்கு என்று தெரிந்தவுடன் மற்றதெல்லாம் அவருக்கு இரண்டாவதாகிவிட்டது.

ஏரோதின் ஆணை எந்த வயதுக் குழந்தைகளைக் குறிவைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பெத்லகேமிலும் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதும் அதற்கு உட்பட்டதுமான ஆண் குழந்தைகளை. அந்தக் குழந்தைகளைத்தான் டிசம்பர் 28-ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகள் என்று திருச்சபை நினைவுகூர்கிறது. இன்றும் குழந்தையின் வாழ்வில் மிக ஆபத்தான காலம் அந்த இரண்டு வயது வரைக்கும் உள்ள காலம்தான் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தாயின் வயிற்றில் 270 நாள், பிறந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு 730 நாள், ஆக மொத்தம் 1000 நாள். மூளை மிக வேகமாக வளர்வது இந்த ஆயிரம் நாளில். உயரத்துக்கும் எடைக்கும் அடித்தளம் விழுவது இந்த ஆயிரம் நாளில். அப்போது கிடைக்காத சத்தைப் பத்து வயதில் தட்டு நிறையப் போட்டாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நம் பெரியவர்கள் ஐந்தைக் கணக்குச் சொன்னார்கள். மருத்துவம் அந்தக் கணக்கை இன்னும் முன்னுக்குக் கொண்டுபோய்விட்டது.

இன்றைய ஏரோதின் கையில் வாள் இல்லை. தாய்க்கு இரத்தசோகை, அசுத்தத் தண்ணீர், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, போடாமல் விட்ட தடுப்பூசி என்று அவன் பல உருவில் வருகிறான். அவனுக்கு ஒரு நல்ல கூட்டாளியும் இருக்கிறான். அவன் பெயர் 'பார்க்கலாம்'. ஆகவே திருக்குடும்ப விழாவில் ஆண்டவர் நம்மிடம் கேட்பது ஒன்றே ஒன்று: குழந்தையின் காரியத்தில் காலம் தாழ்த்தாதீர்கள்.

அன்புக்குரியவர்களே, எகிப்துக்குப் போன அந்தக் குடும்பம் ஒரு புலம்பெயர்ந்த குடும்பம். இதை விளங்கிக்கொள்ள நம் பகுதி மக்களுக்கு விளக்கம் தேவையில்லை. மழை ஓய்ந்தால் கரும்பு வெட்டும் செங்கல் சூளையும் தொடங்கும். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் பானை சட்டியோடு, கைக்குழந்தையோடு புறப்படும். சில குடும்பங்கள் பக்கத்து மாவட்டத்துக்கு, சில குடும்பங்கள் பக்கத்து மாநிலத்துக்கு. கணவனும் மனைவியுமாக விடியுமுன் மண் மிதித்துக் கல் அறுக்கும்போது, குழந்தை மரத்தடியில் தூளியில் கிடக்கும். தூளியை ஆட்டுவது யார்? எட்டு வயது அக்கா. அவளுக்குப் பள்ளி போயிற்று. தூளியில் கிடக்கும் குழந்தைக்கு நேரத்துக்குப் பால் போயிற்று, ஊரில் போட வேண்டிய ஊசி போயிற்று, மாதா மாதம் எடை பார்ப்பது போயிற்று. இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் இழக்கிறார்கள்.

பெற்றோருக்குப் பிள்ளைமேல் அன்பு இல்லாததால் இது நடக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. பிழைப்புக்காகத்தான் போகிறார்கள். யோசேப்பும் மரியாவும் எகிப்தில் யாரோ ஒருவர் கொடுத்த நிழலில்தான் தங்கியிருப்பார்கள். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் குடும்பங்கள் போகும் இடத்தில் நிழல் கொடுப்பவர் யார் என்பதே.

இந்தக் கேள்வியைக் கேட்டு உடனே எழுந்தவர்கள் உண்டு. 1969-ஆம் ஆண்டு, காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவுக்காக டெல்லியில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே வேலை செய்த பெண்களின் குழந்தைகள் புழுதியிலும் வெயிலிலும் கிடந்ததை மீரா மகாதேவன் என்ற பெண்மணி பார்த்தார். கட்டடம் கட்டி, நிதி திரட்டி, பிறகு காப்பகம் திறப்போம் என்று அவர் இருக்கவில்லை. வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு கூடாரம் போட்டுக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார். 'மொபைல் கிரஷஸ்' என்ற தொண்டு நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. வேலை எங்கே போகிறதோ அங்கே காப்பகமும் போகும் என்பதுதான் அதன் வழி. பெற்ற தாய் கல் சுமக்கும் நேரத்தில் பிள்ளைக்குப் பாலும் உறக்கமும் பாட்டும் விளையாட்டும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அதற்கு முன்பே, 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், உரோமை நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு சிறு குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அன்று மூன்று அரசர்கள் திருவிழா. பெற்றோர் வேலைக்குப் போனபின் அந்தப் பிள்ளைகள் கவனிப்பாரின்றி வீட்டுச் சுவர்களைக் கிறுக்கிக்கொண்டும் படிக்கட்டுகளில் ஓடிக்கொண்டும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பேற்றவர் ஒரு கத்தோலிக்கப் பெண் மருத்துவர், மரியா மாண்டிசோரி. யாருக்கும் வேண்டாத தொல்லை என்று எண்ணப்பட்ட பிள்ளைகள், தக்க பொருள்களும் பொறுமையான ஓர் ஆசிரியையும் கிடைத்ததும் தாமாகவே அமைதியாக அமர்ந்து கற்றுக்கொள்வதை உலகம் வியந்து பார்த்தது. அந்த அம்மையார் 1939-ஆம் ஆண்டு நம் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று பெரிய பட்டணங்களில் அதிகக் கட்டணம் வாங்கும் பள்ளிகள் அவர் பெயரைப் பலகையில் எழுதியிருக்கின்றன. ஆனால் அந்தக் கல்விமுறை பிறந்தது கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் நடுவில் என்பதை நாம் மறக்க வேண்டாம்.

நம் ஊரில் என்ன இருக்கிறது? நம் தெருவிலேயே, நடந்து போகும் தூரத்தில் அங்கன்வாடி இருக்கிறது. நம் பெரியவர்கள் இன்றும் 'பால்வாடி' என்பார்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டம் வந்தபோது, பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்லாமல், பள்ளிக்குப் போகாத இரண்டு வயதுப் பிள்ளைக்கும் சேர்த்தே சோறு போடப்பட்டது. இன்று நம் மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன.

அங்கே சோறும் முட்டையும் மட்டும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கன்வாடி வழியாக ஆறு சேவைகள் கிடைக்க வேண்டும்: இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்குப் பரிந்துரை, தாய்மார்களுக்கு நலக்கல்வி, முன்பருவக் கல்வி. கருவுற்ற தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும், ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கும் சத்துமாவு உண்டு. குழந்தையின் மேல் கையில் ஒரு நாடாவைச் சுற்றிப் பார்ப்பார்கள். பச்சை வந்தால் நலம். மஞ்சள் வந்தால் கவனம் தேவை. 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு வந்தால் கடுமையான சத்துக்குறைவு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு சிறு நாடா சொல்லும் செய்தியும் வானதூதர் சொன்ன செய்தி போன்றதுதான்: எழுந்திரு, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போ.

இயேசு ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் மிகுந்து, கடவுளுக்கும் மனிதருக்கும் உகந்தவராய் வளர்ந்தார் என்பதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம் (லூக்கா 2:52). கடவுளின் மகனே படிப்படியாகத்தான் வளர்ந்தார். உணவு, உடல்நலம், விளையாட்டு, படிப்பு, மற்றப் பிள்ளைகளோடு பழகுவது, செபிக்கக் கற்பது எல்லாம் சேர்ந்ததுதான் வளர்ச்சி. அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

இனி நாம் சொல்லப்போவது, வீட்டுக்குள் மெதுவாகப் பேசப்படும் ஒரு காரியம். குழந்தை இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். நான்கு மாதத்தில் கழுத்து நிற்க வேண்டும். எட்டு மாதத்தில் உட்கார வேண்டும். ஒரு வயதில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்றரை வயதில் நடக்க வேண்டும். இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும். ஒரு குழந்தைக்குச் சில வாரம் முன்பின் ஆகலாம். ஆனால் இரண்டு வயதிலும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? 'அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்' என்கிறோம். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறோம், சரியாகிவிடும் என்கிறோம். நேர்ச்சை நல்லதுதான். ஆனால் யோசேப்பும் கடவுளை நம்பியவர்தான். நம்பியதால்தான் எழுந்தார்.

ஒரு கணக்கைக் கேளுங்கள். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு 'காக்ளியர்' என்னும் செவிக்கருவியை அறுவை மருத்துவம் மூலம் பொருத்தலாம். பல இலட்சம் ரூபாய் ஆகும் இந்தச் சிகிச்சை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குழந்தைகளுக்குச் செலவின்றிக் கிடைக்கிறது. ஆனால் ஆறு வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். இந்த வரம்புக்குக் காரணம் உண்டு. ஒலியே கேட்காத மூளை, ஆண்டுகள் போகப் போக ஒலியைப் பேச்சாக அறியும் திறனை இழந்துவிடுகிறது. இரண்டு வயதில் கொண்டுவந்த குழந்தை பேசும். அதே குழந்தையை ஏழு வயதில் கொண்டுவந்தால் கதவு மூடியிருக்கும். அந்தக் கதவை மூடியது நோயா, அல்லது நாம் சொன்ன 'பார்க்கலாம்' என்ற சொல்லா?

பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் சிறுவயதிலேயே கண்டுபிடிக்க 2013-ஆம் ஆண்டிலிருந்து நாடு முழுவதும் ஒரு திட்டம் உண்டு. மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பார்க்கின்றன. மேற்கொண்டு பயிற்சி தேவைப்படும் குழந்தைகளுக்கு மாவட்ட அளவில் இடையீட்டு மையங்கள் உள்ளன. அரசு உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களும் பல மாவட்டங்களில் உள்ளன. நமக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கம், புதுச்சேரி ஜிப்மரும் பக்கம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதலில் அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கேளுங்கள்.

பலரைத் தடுத்து நிறுத்துவது தூரமோ செலவோ அல்ல, வெட்கம்தான். பார்வையற்றுப் பிறந்த மனிதரைப் பார்த்துச் சீடர்கள் கேட்டதும் அதே கேள்விதான்: யார் செய்த பாவம், இவனா, இவன் பெற்றோரா? இருவரும் அல்ல என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார் (யோவான் 9). ஆண்டவரே முடித்துவைத்த கேள்வியைத் திண்ணையில் உட்கார்ந்து மறுபடி கேட்கும் உரிமை நமக்கு இல்லை. மாமியார் மருமகளைக் கேட்க வேண்டாம், அக்கம்பக்கத்தார் தாயைக் கேட்க வேண்டாம்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடி என்ற ஊர். அவ்வூரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975-ஆம் ஆண்டு கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியிலேயே இருந்துகொண்டு 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அந்தச் சங்கத்தில் பயிற்சி பெற்ற கிராமத்துப் பணியாளர்கள் வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் வீடு தேடிச் செல்கிறார்கள். கையை எப்படி நீட்டிவிடுவது, எப்படி உட்காரவைப்பது, எப்படிப் பேசிப் பழக்குவது என்று தாய்க்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் வரும் பணியாளரைவிட, நாள் முழுதும் உடனிருக்கும் தாயும் தகப்பனும் பாட்டியும்தான் அந்தக் குழந்தைக்குப் பெரிய மருத்துவர்கள் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே தந்தையரே, இன்று உங்கள் விழா. யோசேப்பு குழந்தையைக் கையில் ஏந்தி நிற்பதை நாம் படங்களில் பார்க்கிறோம். மாலையில் வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் குழந்தையை மடியில் வைத்துப் பேசுங்கள். காக்கா கதை சொல்லுங்கள். ஆடு எங்கே, மாடு எங்கே என்று கேளுங்கள். அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள். இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம், அதன்பின் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு. கைப்பேசி பேசும், ஆனால் குழந்தை பேசுவதை அது கேட்காது. கேட்கும் காது உங்களிடம்தான் இருக்கிறது.

அன்பார்ந்த இறைமக்களே, முடக்குவாதமுற்றவரை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து ஆண்டவர் முன் இறக்கினார்கள் (மாற்கு 2). அந்த நான்கு பேராக நம் அன்பியங்கள் இருக்க முடியும். புத்தாண்டில் மூன்று காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, நம் அன்பியத் தெருவில் கருவுற்ற தாய்மார் யார், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று தெரிந்துவைப்போம். நம் சபையாரை மட்டும் அல்ல, தெருவில் உள்ள எல்லாக் குடும்பங்களையும். ஆண்டவர் குழந்தைகளை அணைத்துக்கொண்டபோது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை.

இரண்டாவது, துணைக்குப் போவோம். ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போகிறது, மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை, எந்த வரிசையில் நிற்பது என்று தெரிவதில்லை. நம்மில் ஒருவர் கூடப் போகலாம். ஒருவர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். வின்சென்ட் தே பவுல் சபையார் பேருந்துச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம். வேலைக்கு வெளியூர் புறப்படும் குடும்பத்திடம், தாய்சேய் நல அட்டையை எடுத்து வைத்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அந்த அட்டையோடு போனால், போன ஊர் அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் குழந்தையைப் பதிவு செய்து, விட்ட இடத்திலிருந்து ஊசியைத் தொடரலாம்.

மூன்றாவது, வேலை கொடுப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சூளை வைத்திருப்பவர்கள், கரும்பு போட்டிருப்பவர்கள், கட்டட வேலை எடுப்பவர்கள் இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் வேலையிடத்தில் ஒரு ஓலைக் கொட்டகை, சுத்தமான தண்ணீர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கூலி கொடுத்து ஒரு பெண்மணி, பாலூட்டும் தாய்க்கு அவ்வப்போது சிறிது நேரம். இவ்வளவுதான். அருகில் உள்ள அங்கன்வாடிக்கு ஆள் அனுப்பி, இத்தனை குழந்தைகள் இங்கே வந்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். எகிப்தில் திருக்குடும்பத்துக்கு நிழல் கொடுத்தவரின் பெயர் நற்செய்தியில் இல்லை. ஆனால் கடவுளுக்குத் தெரியும்.

யோசேப்பு அன்றிரவே எழுந்ததால்தான் நமக்கு ஒரு நாசரேத்து கிடைத்தது. அந்த நாசரேத்தில் குழந்தை நடந்து, பேசி, வேலை பழகி வளர்ந்ததால்தான் நமக்கு மீட்பு கிடைத்தது. நம் தெருவில் எந்தக் குழந்தைக்காகக் கடவுள் எந்த நாசரேத்தை வைத்திருக்கிறாரோ நமக்குத் தெரியாது. எழுந்திருப்பது மட்டுமே நம் வேலை.

செபிப்போம். தூய யோசேப்பின் காவலிலும் அன்னை மரியாவின் மடியிலும் உம் திருமகனை வளர்த்த தந்தையே, எங்கள் பகுதிக் குழந்தைகள் அனைவரையும், வயிற்றில் இருக்கும் குழந்தைகளையும், இந்நேரம் சூளையடியிலும் கரும்புக் கொல்லையிலும் தூளியில் உறங்கும் குழந்தைகளையும் ஆசீர்வதியும். அங்கன்வாடிகளிலும் காப்பகங்களிலும் பயிற்சி மையங்களிலும் உழைக்கும் கைகளுக்கு வலுவூட்டும். உமது குரல் கேட்கும்போது அன்றே எழுந்து போகும் மனத்தை எங்களுக்குத் தந்தருளும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் வழியாக, ஆமென்.